கல்லடிப் பாலத்தில் ஒரு மாலை



2025ஆம் ஆண்டு பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு மாலை, பங்குக் குடும்பமொன்று தூண்டில் போட என்னையும் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்திற்கு அழைத்துச் சென்றது. 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலம் அது. 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபின் அங்கு நெரிசலில்லை. கீழே கடலோடு கலக்கும் உப்புநீர் வாவி. பௌர்ணமி இரவில் மீன் பாடும் என்று நம்மவர் சொல்வதும் இங்கேதான்.

தங்கூசியில் ஈயமும் இறாலும் கோத்துப் பேரனிடம் நீட்டினார் அப்பப்பா. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர் துணைவியாரை அள்ளிச் சென்றது, உடல் கிடைக்கவில்லை. அக்காலத்தில் பல குடும்பங்கள் சில மாதங்கள் மீன் உண்ண மறுத்தன. அவரோ இருபது ஆண்டுகளாகத் தூண்டிலைத் தொட்டதே இல்லை.

அன்றைய நற்செய்தி திபேரியாக் கடலோரத்து நிகழ்வு. 153 மீன்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகின்றோம். என் மனமோ கரையில் எரிந்த கரிநெருப்பிடமே செல்கின்றது. யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரு முறையே வருகின்றது. முதலாவதன் அருகே குளிர்காய்ந்தபடி பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். அந்தப் புகையின் மணத்தை அவர் மறந்திருப்பாரா? ஆண்டவர் அத்தகைய நெருப்பருகேயே அவரை அமர்த்தி, உணவளித்த பின்னரே மும்முறை வினவினார்.

"அப்பப்பா, இழுக்குது!"

விரலளவு மீன்தான். முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, "சின்னது மகன், விட்டிடுவம்" என்று நீரில் விட்டார். நெடுநேரம் கீழே பார்த்து நின்றார். பின்னர் என்னிடம் திரும்பிக் கேட்டார்:

"ஃபாதர், இறால் இன்னும் இருக்கா?"