தகவல் உரிமைக்கு 2027 வரை அவகாசம் கிடையாது

"டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2027 மே மாதம்தானே நடைமுறைக்கு வருகிறது? பயனாளிகள் பட்டியல் கேட்டுப் போட்ட மனுவை இப்போதே அந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களே, இது சரியா?"

வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி பல ஊர்களிலிருந்து வருகிறது. 2027 மே என்று நாளிதழ்களில் வந்த காலக்கெடு பொய்யில்லை. ஆனால் அது நிறுவனங்களுக்கான கெடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பகுதிக்கு ஒருநாள்கூட அவகாசம் தரப்படவில்லை.

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இந்தச் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 2025 நவம்பர் 13 தேதியிட்ட அறிவிக்கையின் மூலம் மத்திய அரசு அதை மூன்று தவணையாக எழுப்பியது. வரையறைகள், தரவுப் பாதுகாப்பு வாரியம் போன்றவை உடனே. நம் சார்பில் ஒப்புதலைக் கையாளும் 'ஒப்புதல் மேலாளர்'களைப் பதிவுசெய்யும் ஏற்பாடு ஓராண்டு கழித்து. உங்கள் ஒப்புதலைக் கேட்டுத்தான் உங்கள் விவரத்தைத் தொட வேண்டும், தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், விவரம் கசிந்தால் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பன போன்ற, குடிமக்களுக்குப் பயன்படும் எல்லாமே பதினெட்டு மாதம் கழித்து. ஆனால் 44ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, அதாவது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) என்ற விலக்கை மாற்றி எழுதும் பகுதி, அறிவிக்கையோடு அன்றே அமலுக்கு வந்துவிட்டது. மக்களுக்கு வரவேண்டியது ஒன்றரை ஆண்டு காத்திருக்கிறது. மக்களிடமிருந்து போக வேண்டியது அன்றே போனது. நிறுவனங்கள் தயாராக அவகாசம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கலாம். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஏன் அத்தனை அவசரம் என்பதற்கு எனக்கு நியாயமான காரணம் எதுவும் தென்படவில்லை.

மாற்றப்பட்டது என்ன? பழைய விலக்கு நீளமானது. அந்த நீளத்தில்தான் அதன் பாதுகாப்பு இருந்தது. தனிப்பட்ட தகவலை மறுக்க வேண்டுமென்றால், அந்தத் தகவலுக்குப் பொதுச் செயல்பாட்டோடோ பொதுநலனோடோ தொடர்பு இல்லை என்றோ, வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகும் என்றோ அலுவலர் காட்ட வேண்டும். அப்படியே இருந்தாலும், பெரும் பொதுநலன் இருக்கிறது என்று பொதுத் தகவல் அலுவலரோ மேல்முறையீட்டு அலுவலரோ கருதினால் கொடுக்கலாம். இவற்றோடு, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வாசகமும் இருந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு இணையாகச் சாதாரண மனிதரை நிறுத்திய வாசகம் அது.

இப்போது இவை எதுவும் இல்லை. தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். எது தனிப்பட்ட தகவல் என்று தகவல் உரிமைச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. ஒப்பந்ததாரரின் பெயரும் தனிப்பட்டதுதான், கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் தனிப்பட்டதுதான் என்று ஓர் அலுவலர் எழுதினால், அந்த எழுத்தைத் தடுக்க அந்தப் பிரிவில் ஒரு சொல் மிச்சமில்லை.

பழைய விலக்கே தாராளமாகப் பயன்படுத்தப்பட்டதுதான். ஓர் அரசு ஊழியர் மீதான குறிப்பாணைகளும் அவருடைய சொத்து விவரமும் தனிப்பட்டவை என்று 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அலுவலகங்கள் அந்தத் தீர்ப்பை மறுப்புக் கடிதங்களில் மேற்கோள் காட்டி வருகின்றன. தேர்தல் பத்திர விவரங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிய பிறகும், அதே விவரத்தைக் கேட்ட மனுவுக்கு 2024 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி மறுப்புத் தெரிவித்தது. காட்டிய காரணங்களில் 8(1)(ஒ)வும் ஒன்று. நாடே படித்துக்கொண்டிருந்ததை, நிபந்தனைகள் இருந்த காலத்திலேயே மறுக்க முடிந்தது என்றால், நிபந்தனைகள் நீக்கப்பட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

அரசின் பதில் இது: "8(2) பிரிவு இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் எந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம்." இந்தப் பதில் பாதி உண்மை. 8(2) அப்படியே இருக்கிறது. ஆனால் அது 'தரலாம்' என்கிறதே தவிர 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. பழைய விலக்கில் பொதுநலனை எடைபோடும் வேலை உங்கள் மனுவைக் கையில் வைத்திருக்கும் அலுவலருடையது. 8(2)இல் அந்த முடிவு 'பொது அதிகார அமைப்பு'க்கு, அதாவது துறைக்கு உரியது. யாருடைய முறைகேட்டை அறியக் கேட்கிறோமோ, அந்தத் துறையே பொதுநலன் இருக்கிறதா என்று தீர்மானிக்கும்.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது 6(2) பிரிவுக்கு நேர்ந்த கதி. தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது அந்தப் பிரிவு. "உனக்கெதற்கு இது?" என்று கேட்கும் அதிகாரத்தை அலுவலகத்திடமிருந்து பறித்த பிரிவு அது. அதன் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் இனி ஒரு பெயரைப் பெற வேண்டுமானால் 8(2)ஐத்தான் நம்ப வேண்டும். 8(2)ஐ நம்பினால் பொதுநலன் என்னவென்று விளக்கியாக வேண்டும். விளக்கினால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். மணல் குவாரி பற்றியோ கட்டட அனுமதி பற்றியோ மனுப் போடுபவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இந்தத் திருத்தத்தை எதிர்த்துக் கடிதம் எழுதிய காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெய்ராம் ரமேஷுக்கு 2025 ஏப்ரலில் எழுதிய பதிலில், சட்டப்படி வெளியிட வேண்டிய விவரங்கள் தொடர்ந்து வெளியாகும் என்று புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவைச் சுட்டினார். அந்த 3ஆம் பிரிவு பதினெட்டு மாதத் தவணையில் இருக்கிறது. அது வந்த பிறகும், தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்குப் பொருந்தாது என்றுதான் சொல்லும். தகவல் உரிமைச் சட்டத்துக்குள் மாற்றி எழுதிய வரியை அது திருத்தாது.

அந்தரங்கம் அற்பமான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றார்கள், சரியான தீர்ப்பு. ஒருவரின் மருத்துவ அறிக்கையோ வங்கிக் கணக்கு எண்ணோ பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகக் கூடாது. ஆனால் அதற்காக இப்படி வெட்ட வேண்டியதில்லை. தரவுப் பாதுகாப்புக்காக அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் இதே விலக்குக்கு வேறொரு வரைவைத் தந்தது: வெளியிடுவதால் ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு உண்டா, அந்தத் தீங்கு பொதுநலனைவிடப் பெரிதா என்று பார்த்து மறுக்கலாம் என்பது அதன் சாரம். எடைபோடும் கடமை அதில் இருந்தது. அந்த வரைவு ஒதுக்கப்பட்டது.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ராஜஸ்தானைப் பார்க்க வேண்டும். 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கிராமங்களில் பொது விசாரணைகளைத் தொடங்கியபோது செய்தது, வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்ததுதான். வேலைக்கே போகாதவர்கள் கூலி வாங்கியதாகப் பதிவாகியிருந்ததை ஊர்க்காரர்களே எழுந்து சொன்னார்கள். மொத்தம் எத்தனை பேர், எவ்வளவு கூலி என்ற கணக்கை மட்டும் வாசித்திருந்தால் யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதற்கும் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு.

இன்று பட்டியல்கள் கணினியில் இருக்கின்றன. ஒரு திட்டத்தில் உங்கள் பெயர் நீங்கியிருந்தால் அதை நீக்கியது யார் என்று சொல்ல எதிரே ஆளில்லை. "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்ற பதில்தான் கிடைக்கிறது. நிர்வாகம் திரைக்குப் பின்னால் போகப் போக, சரிபார்க்கும் வழி அகலமாக வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு. அரசு அமைப்புகளை மக்கள் நம்புவதில்லை என்று வருந்தும் அமைச்சர்களும் அதிகாரிகளும், நம்பிக்கை வர என்ன செய்தோம் என்ற கேள்விக்கு இந்தத் திருத்தத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மனுவிலேயே 8(2)ஐக் குறிப்பிடலாமா? குறிப்பிடலாம்; பொதுப் பணம், பொதுப் பணி, சட்டப்படியான அனுமதி, எது சம்பந்தப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பயனாளிகள் விவரம் கேட்கும்போது? துறைகள் தாமாகவே வெளியிட வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. 4(1)(ஆ) பிரிவை மனுவில் எழுதுங்கள்.

ஒரு பக்கத்தில் தனிப்பட்ட விவரம் இருப்பதால் கோப்பு முழுவதையும் மறுக்கலாமா? கூடாது, 10ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும்.

மறுப்பு சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது யார்? அலுவலர்தான், 19(5) பிரிவு.

கட்டணம் மாறியதா? இல்லை, அதே 10 ரூபாய்.

மறுப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் அது உங்களுக்குக் கிடைத்த தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. 2027 மே வரை காத்திருந்தால் இரண்டு வாய்ப்பும் போய்விடும். இன்றே எழுதுங்கள்.