வரைகலைக் கணிப்பொறிக்கு ஏற்ற இயக்க முறைமை

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஆகவே, பழைய கணிப்பொறியில் நிலப்படமும் பாடப்படமும் வரைவோர் பலர் வேறு இயக்க முறைமையை நாட வேண்டியவராயினர். க்யூஜிஐஎஸ், பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்சிலும் இயங்குவன. ஆயின் அதன் பதிப்புகளுள் எதனைக் கொள்வது?

இப்பணிக்கு வேண்டுவது புதுமையன்று, நிலைத்தன்மையே. திரையில் படத்தைத் தோற்றுவிக்கும் வரைகலை அட்டையை 'இயக்கி' என்னும் மென்பொருள் செயற்படுத்துகின்றது. அது முறைமையின் உட்கருவாகிய கெர்னலோடு இசைந்திருத்தல் வேண்டும். கெர்னல் மாறி இயக்கி மாறாதிருப்பின், திரை இருண்டு பணி பாதியில் நின்றுவிடவும் கூடும்.

உபுண்டுவில் இரண்டாண்டுக்கொருமுறை வெளிவரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதங்களே. 2024 ஏப்ரலில் வெளிவந்த 24.04 முதல் வகையினது. டெபியனின் நிலைப் பதிப்பும் நெடிது நிற்பதே. எனினும், மிகப் புதிய அட்டையைப் பழைய கெர்னல் அறியாதிருத்தல் உண்டு.

ஆதலின் நிறுவுமுன், யுஎஸ்பி நினைவகத்திலிருந்து முறைமையை இயக்கித் திரையைச் சோதித்தறிக. கோப்புகளுக்குத் தனிப்படி எடுத்து வைத்திடுக. தேர்வுக் காலத்திலும் களப்பணியின் நடுவிலும் பதிப்பை மாற்றாதிருத்தல் நலம்.