மணக்குடி முதல் சொத்தவிளை வரை

பூநாரையைக் கண்குளிரக் காணவேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி மாணவர் நால்வரை உடனழைத்துக்கொண்டு, விடியுமுன்னரே நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டேன். மாலைவரை அலைந்தும் பூநாரை ஒன்றுகூட எங்கள் கண்ணிற் படவில்லை. ஏன் படவில்லை என்பது மட்டும் ஒருவாறு விளங்கியது. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

முதலில் தேரூர்க் குளத்தங்கரையில் நின்றோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் அது. கூழைக்கடாக்களும், வடநாடு கடந்து வந்த நீலச்சிறகி வாத்துகளும் நீரில் மிதந்தன. மீசை ஆலாக்கள் தாழப் பறந்து இரை பொறுக்கின. வயலுக்குப் பாயும் நீரைத் தேக்கும் இக்குளமும் சுசீந்திரம் குளமும் 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. உழவனுக்கென்று தேக்கிய நீரில் பறவையும் பங்கு கொள்கிறது என்று மட்டும் சொல்லி, இங்கிருந்து நகர்கிறேன். எங்கள் நோக்கமெல்லாம் மணக்குடியில் இருந்தது.

சுருளகோட்டருகே தோன்றும் பழையாறு, நாஞ்சில் நாட்டு வயல்களினூடே ஓடி, மணக்குடியிற் கடலை அடைகிறது. அடைகிறது என்றேன், ஆனால் ஆண்டு முழுவதும் அடைவதில்லை. மழை குறைந்து ஆற்றின் வேகம் தளர்ந்ததும், கடலலை மணலைக் கொணர்ந்து வாயிலிற் குவிக்கிறது. நாளடைவில் அது ஒரு திட்டாகி, ஆற்றையும் கடலையும் பிரித்துவிடுகிறது. இவ்வாயிலைப் பொழி என்பது இப்பக்கத்து வழக்கு. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது பொழி உடைந்து, மீண்டும் வழி திறக்கும்.

நாங்கள் சென்ற அன்று பொழி அடைபட்டிருந்தது. வெளியேற வழியின்றித் தேங்கிய நீர், சேற்றுத் தரையை முழுதும் மூடிவிட்டது. அச்சேற்றில் வாழும் புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடியே உள்ளான்கள் வருகின்றன. கால் ஒரு விரல் நீளங்கூட இல்லாத பறவை ஆழமான நீரில் என்ன செய்யும்? பூநாரைக்குக் கால் நீளந்தான். அதற்கும் நின்று மேயத்தக்க ஆழம் வேண்டுமல்லவா? நீர்மட்டம் ஒரு முழம் ஏறினால் பந்தி முழுவதும் கலைந்துவிடுகிறது!

கரையோரத்துக் கண்டற் செடிகளில் பெரும்பகுதி மக்கள் நட்டு வளர்த்தவை. சுரபுன்னையின் வித்து, தாய்மரத்திலிருக்கும்போதே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு தொங்கும் விந்தையை மாணவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். அருகேயுள்ள பாலம் பிற்காலத்தில் கட்டப்பட்டது. கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்திருந்த முந்தைய பாலத்தை, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை உடைத்துக்கொண்டு போயிற்று. பாலத்தைக் கடக்கையில் எங்களுள் எவரும் பேசவில்லை.

பிறகு சொத்தவிளையை நோக்கி மணலில் நடந்தோம். அங்கே மணற்குன்றுகள் உயர்ந்து நிற்கின்றன. முன்வரிசையில் அடும்பங்கொடி. அதன் இலை ஆட்டின் குளம்புபோல் பிளவுபட்டது; மலர் செங்கருநீலம். நெய்தல் திணையைப் பாடிய பழம்புலவர்கள் இதனை மறவாது குறித்தார்கள். இக்கொடியின் கணுவை மணல் மூடினால் அது மடிவதில்லை. மூடிய இடத்திலேயே வேர்விட்டு, மீண்டும் மேலே தலை நீட்டுகிறது. இதன் வித்து கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் செல்லவல்லது. ஆதலால் வெப்பநாட்டுக் கடற்கரைகளில் எங்கும் இதனைக் காணலாம்.

அடும்போடு சேர்ந்து வளர்கிறது இராவணன் மீசை என்னும் புல். பெயர் வைத்தவனைப் பாராட்டவேண்டும். ஊசிபோன்ற இலைகள், பந்துபோன்ற பெண்பூங்கொத்து. முதிர்ந்த பந்து காற்றில் உருண்டோடி வழியெங்கும் வித்தைச் சிந்துகிறது. எங்களுடன் வந்த மாணவர் ஒருவர், காலிற் குத்திய கோபத்தில், ஒரு புதரைப் பற்றி வேரோடு இழுத்தார். நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மக்கா, அதைப் பிடுங்காத! அது நின்னாத்தான் மண்ணு நிக்கும்" என்று குரல் கொடுத்தார்.

அவர் சொன்னதன் பொருள் ஐம்பதடி தள்ளியே எங்களுக்குக் கிடைத்தது. வண்டி செல்வதற்காக யாரோ குன்றின் நடுவே செடிகளை நீக்கி வழி வெட்டியிருந்தனர். அவ்விடைவெளியில் காற்று குழல்போற் புகுந்து மணலை வாரி, உள்ளேயிருந்த தென்னையின் அடிவரை கொட்டியிருந்தது. இருபுறமும் செடி நின்ற இடங்களில் இதற்கு மாறான நிலை. காற்று இலையில் மோதி வேகம் இழக்கிறது. இழந்ததும், சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. அதன்மேற் கொடி ஏறுகிறது. மீண்டும் மணல் சேர்கிறது. குன்று உயர்வது இப்படித்தான். உப்புத் தூவலை முன்வரிசைச் செடிகள் தாங்கிக்கொள்வதனால், பின்னே தாழையும் புன்னையும் தழைக்க முடிகிறது. பொழியில் அலை குவித்த மணல் பறவையை விரட்டியது. இங்கே கொடி பிடித்த மணல் ஊருக்கு அரணாகிறது.

பிடுங்கிய புல்லை அம்மாணவர் குழிதோண்டி மீண்டும் நட்டார். பிழைத்ததோ என்னவோ!

திரும்பும் வழியில் புத்தளம் உப்பளங்களைக் கண்டோம். பாத்திகளில் நீர் ஆழமில்லை. மணக்குடியில் இடமிழந்த உள்ளான்கள் இங்கே கூட்டமாய் ஓடித்திரிந்தன. பவளக்காலிகள் நடுவில் கொசு உள்ளான்களும் இருந்தன. இருபத்தைந்து கிராம் அளவே எடையுள்ள அச்சிறு பறவை, சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிருக்கு அஞ்சி இவ்வளவு தூரம் வருகிறது. பாத்தியோரம் நின்ற உப்பளத் தொழிலாளி ஒருவரிடம் பூநாரையைப் பற்றிக் கேட்டேன். "போன வாரம் நின்னுது சார், பொழி வெட்டினா மறுபடி மணக்குடிக்கு வரும்" என்றார். இருட்டும்வரை உள்ளான்களைப் பார்த்திருந்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.