சாலையில் மின்சாரம் – 9: பன்னிரண்டு வோல்ட் படுத்தால்

ப்ளக்-இன் ஹைப்ரிட் காருக்குள் மூன்று சேமிப்புகள் இருக்கின்றன. பெட்ரோல் டேங்க் ஒன்று. சுமார் 300 முதல் 400 வோல்ட் தரும் லித்தியம் பேட்டரி ஒன்று. எல்லாக் கார்களிலும் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி ஒன்று. வாங்குபவர் முதல் இரண்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார். வண்டி நடுத்தெருவில் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாவதோ மூன்றாவது.

இந்தியாவில் இந்த வகைக் கார் இன்னும் அபூர்வம். 2015-இல் பி.எம்.டபிள்யூ ஐ8-உம், 2016-இல் வால்வோ எக்ஸ்.சி.90 டி8-உம் விற்பனைக்கு வந்தன. ஜி.எஸ்.டி. வந்தபோது ஹைப்ரிட் கார்கள் மீது 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸும் விழுந்தன. முழு மின்சாரக் காருக்கோ 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். அதனால் சுவரில் செருகும் ஹைப்ரிட், விலை உயர்ந்த கார்களின் வரிசையிலேயே தங்கிவிட்டது. இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவை செருகத் தேவையில்லாத ஹைப்ரிட்கள். ஆனாலும் சார்ஜிங் கோளாறுகளைத் தவிர, கீழே சொல்லப்படும் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் வெளியே அப்படி ஒரு வண்டி நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். ராமகிருஷ்ணபுரத்திலிருந்து முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் மீனுக்கும் வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய இடம் அது. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள், வண்டியை எப்படியோ கிளப்பிக்கொண்டு மார்க்கெட் வரை வந்தாயிற்று. பையோடு திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால், டாஷ்போர்டில் ஒரே நேரத்தில் பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், ஹைப்ரிட் என்று எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிகின்றன. 'ரெடி' என்ற சொல் மட்டும் வரவில்லை. காரே பாழாகிவிட்டது என்று தோன்றும். சம்பந்தமில்லாத பல விளக்குகள் சேர்ந்து எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்ன பேட்டரியைத்தான்.

காரணம் எளிது. பெரிய பேட்டரி எப்போதும் வண்டியோடு இணைந்திருப்பதில்லை. அதன் இரு முனைகளிலும் காண்டாக்டர் எனப்படும் கனத்த ரிலேக்கள் இருக்கின்றன. வண்டி நிற்கும்போது அவை திறந்திருக்கும். அவற்றை இழுத்து மூடும் சுருளுக்கு 12 வோல்ட் வேண்டும். மூடலாமா என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் அதே 12 வோல்ட்தான். ஆகவே பெரிய பேட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தும், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும், சின்னது இறங்கிவிட்டால் வண்டி அசையாது.

சாதாரணக் காரில் அந்தச் சின்ன பேட்டரியை ஆல்டர்னேட்டர் நிரப்புகிறது. இங்கே அந்த வேலையை டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் செய்கிறது: உயர் வோல்ட்டை இறக்கி 12 வோல்ட் பக்கத்துக்குக் கொடுக்கிறது. வண்டி ரெடி நிலையில் இருக்கும்போது சின்ன பேட்டரியின் முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். 12.3-இலேயே நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அப்போது புது பேட்டரி வாங்கிப் போட்டும் பயனில்லை, அதுவும் இறங்கிவிடும். பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் இந்த ஓர் அளவை முதலில் எடுத்துக் காட்டச் சொல்வது நல்லது.

இறங்குவதற்கும் காரணங்கள் உண்டு. பின்னால் பொருத்திய டேஷ்கேம் இரவும் பகலும் மின்சாரம் குடிக்கிறது. சாவியை வண்டிக்கு அருகிலேயே மாட்டி வைத்தால் சில கார்கள் சரியாகத் தூங்குவதில்லை. வேறு காரிலிருந்து கேபிள் போட்டு எழுப்பலாம்; இஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை, கம்ப்யூட்டர்கள் விழித்துக் காண்டாக்டர் மூடினால் போதும் என்பதால் சிறிய மின்சாரமே போதுமானது. ஆனால் இந்த வண்டியிலிருந்து கேபிள் போட்டு இன்னொரு காரை எழுப்பக் கூடாது என்று பல கையேடுகள் தெளிவாகச் சொல்கின்றன. சில கார்களில் சின்ன பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், டிக்கியோ மின்சாரத்தால் திறப்பது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எப்படி உருவுவது, முன்பக்கத்தில் கேபிள் மாட்டும் முனை எங்கே என்பதை வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். மார்க்கெட் வாசலில், பையில் மீன் கசியும்போது அதைத் தேடுவது கஷ்டம்.

அடுத்த பெரிய தொல்லை சுவரில் தொடங்குகிறது. 9.2 யூனிட் கொள்ளளவுள்ள எக்ஸ்.சி.90 டி8-இன் பேட்டரியை 10 ஆம்பியரில் நிரப்ப ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இஸ்திரிப் பெட்டியும் கீசரும் அரை மணி நேரம் ஓடி நிற்கும் சாக்கெட்டில், அதே சுமை மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடுகிறது. ப்ளக்கின் முள் சாக்கெட்டுக்குள் சற்றுத் தளர்ந்து, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை மட்டும் சேர்ந்தாலும், 16 ஆம்பியரில் அங்கே சுமார் 25 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ மெக்கானிக்கின் சிறிய சால்டரிங் அயர்னுக்கு அதே 25 வாட்தான். அது ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சில மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பழுப்பேறி உருகிய ப்ளக்குகள் காட்டுகின்றன. ஐ.என்.ஏ.க்குப் பக்கத்துக் கோட்லா முபாரக்பூரின் கடைகளில் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இதற்கு ஆகவே ஆகாது. மீட்டரிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் அறுக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அது சார்ஜிங் இணைப்பு.

கேபிளில் தொங்கும் பெட்டி வெறும் மின்மாற்றி அன்று. அது வண்டியோடு பேசுகிறது. உள்ளே ஓடும் மெல்லிய சமிக்ஞைக் கம்பியில் செருகும்முன் 12 வோல்ட் இருக்கும். செருகியதும் அது 9 ஆகும். வண்டி தயாரானதும் 6 ஆகும். கூடவே வினாடிக்கு 1,000 துடிப்புகள் போகும். எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதைத் துடிப்பின் அகலம் சொல்லும். இந்தப் பேச்சு முழுவதும் எர்த் கம்பியை நம்பி நடக்கிறது. அதனால் பெட்டி முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. 'சார்ஜர் போய்விட்டது' என்று கொண்டுவரப்படும் பெட்டிகளில் பல, உண்மையில் வீட்டின் எர்த்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவை.

பழைய குடியிருப்புகளில் எர்த் என்பது கரியும் உப்பும் போட்டுப் புதைத்த ஒரு குழாய். மண் ஈரமாக இருக்கும் வரை அது வேலை செய்யும். மே மாதத்தில் தில்லி மண் காய்ந்ததும் தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் பச்சை காட்டிய பெட்டி வெயிலில் சிவப்பு காட்டுவது இப்படித்தான். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், தேவையானால் புதிய எர்த் போடுவதும்தான் சரியான வழி. சாக்கெட்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் உண்டு. பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். ஆனால் வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் நேராகக் காரின் உடம்புக்கு வந்துவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு அது மரணம். இந்தத் துண்டுக் கம்பியை யாரும் அனுமதிக்கக் கூடாது.

மூன்றாவது வகைக் கோளாறுக்கு ஸ்கேனர் ஒரு பெயர் சொல்லும்: பி-0-ஏ-ஏ-6. காப்புத் தடை குறைந்துவிட்டது என்று பொருள். உயர் வோல்ட் சுற்றின் இரு முனைகளும் காரின் உடம்போடு எங்கும் தொடர்பில்லாமல் மிதக்கின்றன. ஒரு முனை உடம்பைத் தொட்டால் உடனே எதுவும் நடக்காது. இரண்டாவதும் தொட்டால்தான் ஷார்ட். அதனால் வண்டி சதா இந்தத் தடையை அளந்துகொண்டே இருக்கிறது. சர்வதேச விதியின்படி நேர்மின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் வேண்டும். 400 வோல்ட் பேட்டரிக்கு 40,000 ஓம். அதற்குக் கீழே இறங்கினால் வண்டி எச்சரிக்கும், பெரும்பாலும் அடுத்த முறை கிளம்ப மறுக்கும்.

இந்தக் கோளாறை ஏ.சி.க்கு கேஸ் அடிக்கப் போய் வாங்கி வருபவர்கள் உண்டு. ஹைப்ரிட் காரின் ஏ.சி. கம்ப்ரசரை இஞ்சின் பெல்ட் ஓட்டுவதில்லை. உள்ளேயே உயர் வோல்ட் மோட்டார் இருக்கிறது. அந்த மோட்டாரின் செப்புச் சுருள் குளிரூட்டி வாயுவிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இருக்கிறது. ஆகவே எண்ணெயும் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். அதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது. சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் 'பேக்' எண்ணெய், முந்தைய வண்டிக்குப் போட்ட அதே ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கலந்தாலும் காப்புத் தடை சரியும். 2024 மே 29 அன்று, ஐ.என்.ஏ.க்கு அடுத்துள்ள சப்தர்ஜங் வானிலை நிலையம் 46.8 டிகிரி பதிவு செய்தது. 79 ஆண்டுகளில் அதிகம். அப்படிப்பட்ட வாரங்களில் முதலில் கண்ணில் பட்ட கடையில் கேஸ் அடித்துக்கொண்டவர், சில நாள் கழித்துக் கம்ப்ரசருக்கும் குழாய்களுக்கும் சேர்த்துச் செலவு செய்ய நேரலாம். கலந்த எண்ணெயை முழுவதும் கழுவி எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். கம்ப்ரசர், ஹீட்டர், மோட்டார் கேபிள்கள், சார்ஜர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, காப்புத் தடையை அளக்கும் மெக்கர் கருவியால் அளந்து வர வேண்டும். எதைக் கழற்றியதும் தடை ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. அவசரப்படும் பட்டறை பெரிய பேட்டரியையே மாற்றச் சொல்லிவிடும்.

தண்ணீர் தனியாகச் சொல்ல வேண்டியது. 2024 ஜூன் 28 அன்று அதே சப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது, சாலைகள் கால்வாய்களாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை கண்டதும் இதுவே. நனைந்த பேட்டரிதான் ஆபத்து என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஆனால் 2012 அக்டோபரில் சாண்டி புயலின் கடல்நீர் நியூ ஜெர்சித் துறைமுகத்துக்குள் புகுந்தபோது, அங்கே நின்ற 16 ஃபிஸ்கர் கர்மா ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் எரிந்துபோயின. தயாரிப்பாளரின் ஆய்வில் மூலகாரணமாகச் சொல்லப்பட்டது, 12 வோல்ட்டில் ஓடும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்பு படிந்து ஏற்பட்ட ஷார்ட். ஒரு வண்டியில் பிடித்த தீயைக் காற்று மற்றவற்றுக்குப் பரப்பியது.

பெரிய பேட்டரி குற்றமற்றது என்று இதற்குப் பொருளில்லை. 2011 மே மாதம் அமெரிக்காவில் மோதல் சோதனைக்கு உட்பட்ட ஒரு செவ்ரலே வோல்ட் கார், மூன்று வாரம் சும்மா நின்ற பிறகு தீப்பிடித்தது. பேட்டரிக்குள் கசிந்த குளிர்விப்புத் திரவம் மின்சாரம் கசிய மெல்ல வழி ஏற்படுத்தியிருந்தது. ஆகவே தண்ணீரில் நின்ற வண்டியைக் காய்ந்த பிறகும் கிளப்பக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. மற்ற வண்டிகளிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். கொக்கி மாட்டி இழுப்பதும் தவறு. சக்கரத்தோடு மோட்டார் இணைந்திருப்பதால், சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். நான்கு சக்கரங்களும் மேலே ஏறும் தட்டு லாரிதான் வேண்டும்.

தயாரிப்பிலேயே குறை வருவதும் உண்டு. 2020-இல் ஃபோர்டு கூகா, பி.எம்.டபிள்யூ ஹைப்ரிட்கள், 2022-இல் கிரைஸ்லர் பசிபிகா ஆகியவற்றின் உரிமையாளர்களுக்குச் சார்ஜ் போட வேண்டாம் என்று நிறுவனங்களே சொல்லி வண்டிகளைத் திரும்ப அழைத்தன. வண்டி பெட்ரோலில் ஓடும் என்பதால் அந்த மாதங்களில் அவர்கள் வேலைக்குப் போவதாவது நிற்கவில்லை.

கோளாறு அல்லாததைக் கோளாறு என்று எண்ணுவதும் நடக்கிறது. 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி குளிர். அப்படிப்பட்ட காலையில் பேட்டரி நிறைந்திருந்தும் இஞ்சின் தானே ஓடத் தொடங்கினால், அது ஹீட்டருக்காகவும் பேட்டரியின் நலனுக்காகவும் வண்டி எடுத்த முடிவு.

பழுது பார்ப்பவரின் கை முதலில் போக வேண்டியது உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளுக்கு அல்ல, சர்வீஸ் ப்ளக்குக்கு. அதை உருவினால் பேட்டரியின் சங்கிலி நடுவே அறுபடும். பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கையேடு சொல்லும் ஐந்து அல்லது பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனர். கையுறையில் காற்றை அடைத்துச் சுருட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம்.

அப்படிப்பட்டவர் தெருவில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவரிடம் சங்கேத எண்களைப் படிக்கும் மென்பொருளும் வயரிங் படமும் இருப்பதில்லை. உதிரிக்குத் தில்லியின் உதிரிபாகச் சந்தையான காஷ்மீரி கேட் முழுக்கச் சுற்றினாலும் பலனில்லை. சார்ஜருக்குள் ஒரு ரிலே கெட்டாலும் அதிகாரப்பூர்வப் பட்டறை சார்ஜரையே மாற்றுகிறது. வெளிப் பட்டறைகளுக்கு எதிரான இந்தப் பூட்டு ஹைப்ரிட்டுக்கு முன்பே போடப்பட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததுதான் குற்றம். வழக்குகள் மேல்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஆணையத்தின் இன்றைய அலுவலகம் கிழக்கு கித்வாய் நகரில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு கார்களையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வயரிங் படம் வெளிப் பட்டறைக்குக் கிடைக்காத வரை ஒரு ரிலேயின் விலையில் முடிய வேண்டிய வேலை சார்ஜரின் விலையில்தான் முடியும்.

மாற்றியே ஆக வேண்டிய பெரிய பேட்டரி என்றால், கழற்றிய பழையது மாயாபுரியின் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. வண்டிக்கு உதவாத பேட்டரியிலும் உயிரைப் பறிக்கும் வோல்ட் மீதம் இருக்கும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது; பட்டறையில் பில் போடும்போதே பழைய பேட்டரியை ஒப்படைத்ததற்கான ரசீதையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.