கேஸ் தானாகத் தீருமா?

ஏ.சி. ஓடுகிறது, அறை குளிரவில்லை என்றால் முதலில் திறக்க வேண்டியது இண்டோர் யூனிட்டின் முன்மூடி. உள்ளே இருக்கும் வலை ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து கழுவப்படாமலே இருக்கும். தூசி அடைத்தால் காயில் மீது போகும் காற்று குறைகிறது. காயிலின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, அதன்மேல் ஐஸ் படிகிறது. அந்த ஐஸ் மிச்சக் காற்றையும் மறிக்கிறது. குளிரைத் தர வேண்டிய இயந்திரம் பனியில் உறைந்து நிற்க, அறை மட்டும் புழுங்கும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஓடவிட்டால் ஐஸ் உருகிவிடும். ரிமோட் தவறுதலாக டிரை மோடிலோ ஃபேன் மோடிலோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குறை இயந்திரத்திலா அறையிலா என்பதை ஒரு சாதாரண தெர்மாமீட்டரே சொல்லிவிடும். ரிமோட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏ.சி. உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அறைக்குள் வரும் வெப்பம்தான் அதிகம். ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி என்ற நிலையில் அளந்து தரும் கணக்கு அது. மே மாதத்து வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் திறன் குறையும். மேலே மொட்டை மாடி இருந்தால், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவிலும் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அங்கே எந்த மெக்கானிக் வந்தும் பயனில்லை. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதே வழி.

அடுத்தது அவுட்டோர் யூனிட். அறையில் எடுத்த வெப்பத்தை அதுதான் வெளியே தள்ளுகிறது. அதைக் குறுகிய பால்கனியில் வைத்து, முன்னால் துணி காயப்போட்டால், தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து உதிர வைத்துவிடும். ஃபேன் சுற்றியும் கம்ப்ரசர் ‘ம்ம்’ என்று முனகி நின்றுவிட்டால் கப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். கப்பாசிட்டர் சில நூறு ரூபாய்ப் பொருள்தான். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் வீட்டில் இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாது.

இத்தனையையும் பார்க்காமலே சொல்லப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: “கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாம்.” சமையல் சிலிண்டரைப் போல ஏ.சி. கேஸ் செலவழிந்து தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கசிவு இல்லாவிட்டால் இயந்திரத்தின் ஆயுள் முழுக்க அதே கேஸ் போதும். எனவே கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் நிரப்பினால், போட்ட கேஸும் அதே வழியாகப் போய்விடும்.

குறைந்ததற்கு அடையாளங்கள் உண்டு. காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டும். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் இடம் வெண்மையாக உறையும். கசிவு பெரும்பாலும் குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டிலோ பற்றவைத்த இடத்திலோ இருக்கும். இண்டோர் காயிலிலேயே இருப்பதும் உண்டு: சுத்தம் செய்யும் திரவம், வார்னிஷ் போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவி செம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்துவிடும்.

முறையான வேலை இப்படி நடக்கும். மிச்ச கேஸை மீட்டெடுத்து, குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஓட்டையை அடைத்தபின் வேக்குவம் பம்ப் வைத்து, காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியாக, எடைபோட்டு கேஸை ஏற்ற வேண்டும். நடப்பதோ பெரும்பாலும் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, பத்து நிமிடத்தில் கிளம்பும் வேலை. ஓட்டை தேட அரை நாள் ஆகும், வீட்டுக்காரர் அன்றிரவே குளிர் கேட்கிறார் என்பது மெக்கானிக்குகள் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கம்ப்ரசர் மோட்டாரைக் குளிர்விப்பதே அதற்குத் திரும்பி வரும் கேஸ்தான். கசிந்து கசிந்து, குறைந்த கேஸில் பல மாதம் ஓடும் கம்ப்ரசர் சூடேறிக் கருகும். ஒவ்வொரு கோடையிலும் மிச்சம் பிடித்த பணம் கடைசியில் புதுக் கம்ப்ரசருக்குப் போய்ச் சேர்கிறது.

கசிந்த கேஸ் வீட்டோடு நிற்பதில்லை. பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987இன் மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் அது படிப்படியாக விலக்கப்படுகிறது. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு வலிமை கொண்டது. 700 கிராம் கசிந்தால் ஏறத்தாழ 470 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021இல் உறுதிசெய்தது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றும், சில ஏ.சி.களில் வரும் ஆர்-290 என்பது புரொப்பேனேதான், எளிதில் பற்றிக்கொள்ளும். கையில் இருக்கிற ஏதோ ஒரு கேஸைக் கலந்து ஏற்றுவது அதனாலும் ஆபத்து.

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். ஏற்றிய கேஸின் பெயர், எடை, கசிவு இருந்த இடம் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகே வாசகர்கள் பணம் கொடுக்க வேண்டும்.