சிரிக்க வைத்தவரைச் சிறைப்பிடித்த ஊசி

திருவிழாக் காலங்களில் நம் அரூர் வட்டாரத்து மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் பழைய பாடல்களைத் தொடங்கினால், நடிகர் சந்திரபாபுவின் பாடல் ஒன்றேனும் ஒலிக்கக் கேட்கலாம். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்துப் பிறந்த இளைஞர்கள்கூட எழுந்து ஆடுகிறார்கள். அந்தக் குரலுக்கு உரியவர் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளை என்பதும், மதுவுக்கும் போதை மருந்துக்கும் அடிமையாகி நாற்பத்தாறு வயதிலேயே மாண்டவர் என்பதும் அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

1927இல் தூத்துக்குடியில் பிறந்த அவருக்கு இடப்பட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ். பனிமய அன்னையின் திருப்பெயர் அதில் அடங்கியிருப்பதை முத்துக்குளித்துறை மக்கள் உடனே உணர்வர். தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவராதலால் குடும்பம் இலங்கையில் வாழ நேர்ந்தது. கொழும்பில் வளர்ந்த அவர் 1943இல் குடும்பத்தாரோடு சென்னைக்கு வந்தார். 1947இல் ‘தன அமராவதி’ படத்தில் தலைகாட்டினார். ஆயினும் வாய்ப்புகள் தொடரவில்லை. 1952இல், ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனைச் சந்திக்க இயலாத விரக்தியில் அந்த ஸ்டூடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார், வழக்கும் நடந்தது. பின்னர் வாசனே தம் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு இடமளித்தார். வேலை கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று உலகம் எண்ணியிருக்கும். உயிரை வெறுக்கச் செய்த உள்ளத்துப் புண் வேலை கிடைத்ததும் ஆறிவிடுமா என்று யாரேனும் கேட்டிருப்பார்களா?

அதன் பின் அவர் அடைந்த உயர்வு வியப்புக்குரியது. மேனாட்டு ‘யோட்லிங்’ முறைப் பாட்டைத் தமிழ்த் திரையில் நிலைநாட்டியவர் அவரே. சொந்தக் குரலில் பாடினார், எலும்பில்லாதவர்போல் ஆடினார். 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’வில் இரு வேடங்களில் நடித்து, சிவாஜி கணேசனோடு ஈடுகொடுத்து நின்றார். அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காதவர் யார்!

அதே 1958இல் நடந்த அவருடைய திருமணம் சிறிது காலத்திலேயே முறிந்தது. எம்.ஜி.ஆரைக் கொண்டு அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியிலே நின்று, கடனில் ஆழ்த்தியது. ஆசையோடு கட்டத் தொடங்கிய மாளிகையும் கைவிட்டுப் போயிற்று. 1966இல் தாமே இயக்கி நடித்த படத்துக்கு நற்செய்தியின் வாக்கையே எடுத்து ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று பெயரிட்டார். அதுவும் அவரைக் கரைசேர்க்கவில்லை. (அப்படத்தில் அவரோடு நடித்த சாவித்திரியும் மதுவால் உடல்நலிந்து 1981இல் இறந்தார் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.) மதுவோடு பெத்தடின் ஊசியும் சேர்ந்து சந்திரபாபுவை ஆட்கொண்டது. 1974 மார்ச் 8 அன்று அவர் காலமானார்.

பெத்தடின் என்பது யாது? கஞ்சாவைப்போல் மறைவிடத்தில் விற்கப்படும் பொருளன்று. மருத்துவமனை அலமாரியில் இருப்பது. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட இது, அறுவைச் சிகிச்சையிலும் பிரசவத்திலும் கடும் வலியைத் தணிக்கப் பயன்பட்டது. மார்ஃபினைப்போல் இது அடிமைப்படுத்தாது என்றே தொடக்கத்தில் மருத்துவர்கள் சிலர் நம்பினர். உண்மை வேறு. அதன் பலன் சில மணி நேரமே நிற்கும். உடனே அடுத்த ஊசியை உடல் கேட்கும். நாளடைவில் பழைய அளவு போதாமற் போகும். தொடர்ந்து ஏற்றினால் அதன் கழிவுப்பொருள் உடலில் தேங்கி, நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். உடல்வலியைத் தணிக்கும் மருந்து மனவலியையும் சற்று மறக்கச் செய்கிறது என்பதே இதிலுள்ள கண்ணி. இன்பத்தைத் தேடியவர் மட்டுமல்ல, துன்பத்திலிருந்து ஒதுங்க நினைத்தவரும் இதில் விழுவர்.

இதெல்லாம் சினிமாக்காரர் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். கடும் வேலை, தனிமை, அறை நண்பர்கள். கடும் வலிக்குரிய மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றும் கொடுமை அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல ஊர்களில் பிடிபட்டு வருகிறது. பெத்தடின் போய் மாத்திரை வந்திருக்கிறது, பாதை அதுவேதான். மகன் நீண்ட சட்டைக் கையை மடிக்காமலே இருப்பதையும், வீட்டில் பணம் குறைவதையும் கண்ட தாய், ஊரார் அறிந்தால் தங்கையின் கல்யாணம் தடைப்படுமே என்று அஞ்சி மூடி மறைக்கிறாள். கால்கட்டுப் போட்டால் திருந்துவான் என்று தந்தை பெண் பார்க்கிறார். வேறொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வை மருந்தாக அரைத்துக் கொடுக்க நமக்கு என்ன உரிமை?

சந்திரபாபுவின் காலத்தில் இதனை ஒழுக்கக்கேடு என்று இகழ்ந்தோரே மிகுதி. சென்னையில் டி.டி. ரங்கநாதன் நிறுவனம் மது, போதை அடிமை நோய்க்கான சிகிச்சைப் பணியைத் தொடங்கியது 1980இல்தான். அவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பிறகு. இன்று தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

பெற்றோர் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். பிள்ளையை அறையில் அடைத்து, தாமாகவே நிறுத்த முற்படாதீர்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசிப் பழக்கமுள்ளவர் சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே மீண்டும் ஏற்றினால் மூச்சு நின்றுவிடக்கூடும். உடல் அதற்குள் தாங்கும் வலிமையை இழந்திருக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே மருத்துவர் உடனிருக்கட்டும். தருமபுரிக்குத் தனியே போகக் கூசும் பெற்றோர் பங்கு இல்லத்துக்கு வந்து சொல்லுங்கள். நானே உடன் வருகிறேன்.