தாடை வலியும் முதுகுவலியும்: உறவு உண்டு, ஆனால்...

தாடை மூட்டுக் கோளாறு உள்ளவர்களில் பலர் கழுத்து வலி, முதுகுவலி, இடுப்பு வலியாலும் அவதிப்படுகிறார்கள். இது தற்செயல் அல்ல என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே சமயம், ‘பல் வரிசையைச் சரிசெய்தால் முதுகுவலி பறந்துவிடும்’ என்ற விளம்பரங்களுக்கு இந்த ஆய்வுகள் ஆதாரம் ஆகிவிடாது. இரண்டு வலிகளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்று தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவையும் சிகிச்சையையும் தவிர்க்கலாம்.

காதோரம் இருக்கும் மூட்டு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் அசைவதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பும் மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பும் சேரும் இடம் இது. இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற ஒரு சிறு வட்டு உண்டு. கதவுக் கீல் ஓரிடத்தில் நின்று திரும்பும். இந்த மூட்டோ திரும்புவதோடு முன்னோக்கி வழுக்கவும் செய்யும்.

வட்டு இடம் பிசகினால் ‘களுக்’ என்ற சத்தம் வரும். வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. மெல்லும்போது வலி, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காலையில் தாடை இறுக்கம், நெற்றிப்பொட்டில் தலைவலி ஆகியவை இருந்தால் கவனிக்க வேண்டும். இந்தப் பாதிப்பு ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

இரண்டும் எங்கே இணைகின்றன?

முதல் இணைப்பு நரம்பு வழியானது. முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் இழைகளும் மேல் கழுத்து நரம்புகளின் இழைகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே நரம்பணுக்களை வந்தடைகின்றன. அதனால் கழுத்தில் தோன்றும் வலி தாடையிலும், தாடையின் வலி கழுத்திலும் உணரப்படலாம்.

இரண்டாவது தசை. நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. மணிக்கணக்கில் குனிந்து செல்போன் பார்க்கும்போது அதைத் தாங்கும் கழுத்து, மேல்முதுகுத் தசைகள் இறுகுகின்றன. தாடையின் நிலையும் சற்று மாறுகிறது. பல்லைக் கடிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குச் சுமை இன்னும் கூடும்.

ஆனால் இடுப்பு வலிக்கு இந்த விளக்கங்கள் போதாது. அங்கேதான் மூன்றாவது இணைப்பு வருகிறது. வலி நீண்ட நாள் நீடித்தால் மூளையும் தண்டுவடமும் வலி சமிக்ஞைகளை மிகைப்படுத்தத் தொடங்குகின்றன. தூக்கக்கேடு, மன அழுத்தம், கவலை ஆகியவை அதற்குத் தூபம் போடுகின்றன. இந்நிலையில் உடலின் வெவ்வேறு இடங்களில் வலி கிளம்புவது எளிது. 2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, தாடைப் பிரச்சினை இல்லாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. உடலின் பிற இடங்களில் ஏற்கெனவே வலி இருந்தவர்களுக்குத் தாடைக் கோளாறு புதிதாக வரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. அதாவது, தாடைதான் எப்போதும் மூலகாரணம் என்று சொல்ல முடியாது.

பல்லைத் தேய்த்துக் குறைத்தால் முதுகு குணமாகுமா?

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், காது வலி, தலைவலி போன்றவற்றைப் பல் இழப்போடும் தாடை மூட்டோடும் தொடர்புபடுத்தினார். பல் கடிப்பொருத்தம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று அந்தக் கருத்து செல்வாக்கு இழந்துவிட்டது. முதுகுவலிக்காகப் பற்களைத் தேய்த்துக் குறைப்பதற்கோ கிளிப் போடுவதற்கோ உறுதியான ஆதாரம் இல்லை. அப்படிக் குறைத்த பல் மீண்டும் வளராது.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட தாடை வலிக்கு மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சி, உடல் தோரணைப் பயிற்சி, தசைகளுக்கான கைமுறைச் சிகிச்சை, சிந்தனை, நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சை ஆகியவற்றுக்கே முன்னுரிமை தருகிறது. இவற்றில் பல முதுகுக்கும் உதவுபவை.

நீங்களே செய்யக்கூடியவை

• உதடுகள் சேர்ந்திருக்கட்டும். பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். சாப்பிடாத நேரத்தில் இதுவே தாடைக்கு ஓய்வு.

• வலி குறையும்வரை முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், சூயிங் கம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் நல்லது.

• கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

• கன்னத்திலும் கழுத்திலும் இதமான வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

• கணினித் திரை கண் மட்டத்தில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

• சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பல் மருத்துவரிடம் முதுகுவலியையும், எலும்பு மருத்துவரிடம் தாடை வலியையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம் எப்படி, இரவில் பல் கடிக்கிறீர்களா என்பதையும் கூறுங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக மூட்டுகளோ முதுகோ விறைத்திருந்தால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயா என்று பரிசோதிக்க வேண்டும். புகையிலை, பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், அது வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். உடனே வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

தாடையும் மேல்முதுகும் திடீரென வலித்து, கூடவே நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், குப்பென்ற வியர்வை, குமட்டல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முதுகுவலியோடு கால் பலவீனமடைதல், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழத்தல், 50 வயதைக் கடந்தவர்களுக்கு மெல்லும்போது தாடை வலியோடு பார்வை மங்குதல் ஆகியவையும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்.